ஊசி தட்டைத் தொடும் முன்பே தொடங்கும் சோதனை

இசைத்தட்டுக் கருவியின் மெல்லிய மின்சைகையைப் பெருக்கித் தரும் ஃபோனோ ப்ரீஆம்ப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். அது ஒலியைப் பெருக்கும் பெட்டிதான், காதுக்கு இனிமையாக இருந்தால் போதும் என்கிறது அந்தக் கட்டுரை. அதில் பாதிதான் சரி. இசைத்தட்டில் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உச்ச ஒலிகளைக் கூட்டியும்தான் பதிக்கிறார்கள். கேட்கும்போது அதைத் திருப்பிச் சரிசெய்வது ப்ரீஆம்பின் வேலை. அதற்கான பொது அளவுகோலான ஆர்ஐஏஏ வளைவின்படி 1,000 ஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால், 20 ஹெர்ட்ஸை ஏறக்குறைய 19 டெசிபல் உயர்த்தவும் 20,000 ஹெர்ட்ஸை ஏறக்குறைய 20 டெசிபல் தாழ்த்தவும் வேண்டும். அதைத் துல்லியமாகச் செய்யாத கருவி எவ்வளவு இனிமையாகப் பாடினாலும் தட்டில் உள்ளதைத் தருவதில்லை.

நான் முதலில் ஊசியைத் தூக்கியே வைத்து, வழக்கமாகக் கேட்கும் அளவுக்கு ஒலியைக் கூட்டிவிட்டு இருக்கையில் உட்காருவேன். அங்கே இரைச்சலோ 'உம்ம்' என்ற ரீங்காரமோ கேட்டால், பாட்டின் மெல்லிய இடங்களில் அது கட்டாயம் தலைகாட்டும். ஊசியின் அசைவை மின்சைகையாக்கும் பகுதிதான் கார்ட்ரிட்ஜ். அதில் கம்பிச்சுருள் அசையும் மூவிங் காயில் வகை தருவது அரை மில்லிவோல்ட்டோ அதற்கும் குறைவோதான்; அதை ஆயிரம் மடங்கு பெருக்கும்போது சிறு குறையும் பூதாகரமாகிவிடும்.

கட்டுரை தொடாத இன்னொன்று, காந்தம் அசையும் மூவிங் மேக்னட் வகைக் கார்ட்ரிட்ஜுக்கான மின்தேக்கம், அதாவது கம்பியும் கருவியும் மின்னூட்டத்தைத் தேக்கும் அளவு. ப்ரீஆம்பின் உள்ளீட்டு மின்தடை 47 கிலோ ஓம் என்று பார்த்தால் மட்டும் போதாது. கார்ட்ரிட்ஜிலிருந்து வரும் கம்பியின் மின்தேக்கமும் ப்ரீஆம்பின் மின்தேக்கமும் ஒன்றாகக் கூடிவிடும்; அது மிகுந்தால் உச்ச ஒலிகள் கெடும். என்னிடம் 'ச', 'ஸ' எல்லாம் கீறலாக ஒலித்தபோது ப்ரீஆம்பைத்தான் சந்தேகித்தேன். நீளக் கம்பியை எடுத்துவிட்டுக் குட்டையானதைப் போட்டேன். அதே பாட்டில், அதே வரியில், பாடகியின் மூச்சு தனியாகக் கேட்டது. கருவியைக் குறை சொல்லும் முன் தயவுசெய்து கம்பியை மாற்றிப் பாருங்கள்.