எட்டு மணி டிராலிக்கு என் மாத்திரை காத்திருக்காது

வீட்டில் யாருக்காவது பார்க்கின்சன் இருந்தால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், நீளமான பதிவு. எனக்கு அடுத்த மாதம் வலது முழங்கால் மாற்று ஆபரேஷன். அதற்காகச் செய்துகொண்டிருக்கும் ஏற்பாடுகளில் பாதிக்கு மேல் முழங்காலுக்காக இல்லை, பார்க்கின்சனுக்காக.

ஆஸ்பத்திரி என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது இன்ஷூரன்ஸ், அட்வான்ஸ் பணம், பிளாஸ்க், கூட யார் தங்குவது, இவ்வளவுதான். நமக்கு அதற்கெல்லாம் முன்னால் மாத்திரை நேரம். என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தியேட்டரிலும் ஐசியூவிலும் இருக்கும் நேரம் போக, மற்ற நேரமெல்லாம் பார்க்கின்சன் மாத்திரையை நோயாளியோ கூட இருப்பவரோ கையில் வைத்துக்கொண்டு வீட்டில் சாப்பிடும் அதே நேரத்துக்குச் சாப்பிட எல்லா ஆஸ்பத்திரிகளும் அனுமதிக்க வேண்டும். கெஞ்சிக் கேட்டு வாங்கும் சலுகையாக இல்லை, அங்கே எழுதி வைத்த நடைமுறையாக. சாப்பிட்டதும் சிஸ்டரிடம் சொன்னால் அவர் கேஸ் ஷீட்டில் நேரத்தைக் குறித்துக்கொள்ளப் போகிறார், அவ்வளவுதான் வேலை.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், பார்க்கின்சனுக்கு நாங்கள் சாப்பிடும் முக்கிய மருந்தான லெவோடோபா அப்படிப்பட்டது. உடம்பை அசைக்க மூளைக்கு வேண்டிய டோபமின் என்ற ரசாயனம் குறைந்துபோவதை ஈடுகட்டத்தான் அதைச் சாப்பிடுகிறோம், ஆனால் ரத்தத்தில் அதன் அளவு சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். நோய் வந்த புதிதில் மூளையே கொஞ்சம் சேமித்து வைத்துச் சமாளித்துவிடும், ஒரு வேளை தள்ளிப்போனாலும் பெரிதாகத் தெரியாது. வருடங்கள் ஆக ஆக அந்தச் சேமிப்பு குறைந்துகொண்டே போகும். எனக்கு இப்போது காலை 6, 9.30, மதியம் 1, மாலை 4.30, இரவு 8. இதில் அரை மணி தள்ளினாலே உடம்பு சொல்லிவிடும். முதலில் இடது கால் விரல்கள் உள்ளே மடங்கி இறுகும், அப்புறம் குரல் இறங்கிவிடும், பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது, கட்டிலில் திரும்பிப் படுக்க முடியாது, எச்சில் வாயிலேயே தங்கும். இதைத்தான் எங்களுக்குள் ஆஃப் என்று சொல்லிக்கொள்கிறோம். ஆஃப் ஆனபின் மாத்திரையை விழுங்குவதே கஷ்டம், விழுங்கினாலும் வயிறும் மந்தமாக இருப்பதால் அது வேலை செய்யத் தொடங்க இன்னும் நேரமாகும். அந்த நிலையில் யாராவது அவசரமாகக் கஞ்சியோ காபியோ வாயில் ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குள் போய் நிமோனியாவில் முடியலாம். பார்க்கின்சன்காரர்களின் மரணத்துக்கு முக்கியமான காரணங்களில் அதுவும் ஒன்று.

முன்பு ஒருமுறை டெங்கு காய்ச்சலுக்காக ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருந்தேன். சேரும்போதே மாத்திரை எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள், அது அவர்கள் விதி. ஷீட்டில் 1-1-1, அதாவது காலை, மதியம், இரவு ஒவ்வொன்று என்று எழுதினார்கள். மருந்து டிராலி காலை எட்டு மணிக்கு, அதுவும் எல்லோருக்கும் சாப்பாட்டுக்குப் பிறகு. "சிஸ்டர், அம்மாவுக்கு இது மணிக்கணக்கு மாத்திரை" என்று என் மகன் சொன்னால், "டாக்டர் ரவுண்ட்ஸ் வரட்டும் தம்பி, கேட்டுட்டுத் தரேன்" என்பார். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை, ஒரே ஆள் அந்த ஹால் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் மூன்றாம் நாள் காலை ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் நான் பதில் சொல்லாததைப் பார்த்துவிட்டு என் மகனிடம், "அம்மாவுக்கு ஞாபகம் கொஞ்சம் குழப்பமா இருக்கா?" என்று கேட்டார். எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. அவர் கேட்டது அத்தனையும் புரிந்தது, வாயைத் திறக்க முடியவில்லை, முகத்தில் ஒரு அசைவும் வரவில்லை. என்னைப் பற்றி என் எதிரிலேயே வேறொருவரிடம் கேட்டது இன்றும் ஆறவில்லை.

இங்கிலாந்தில் அங்குள்ள பார்க்கின்சன் அமைப்பு 2006-லேயே இந்த மாத்திரை நேரத்துக்காக ஒரு இயக்கம் தொடங்கிவிட்டது. அங்கே நைஸ் என்ற அமைப்பு 2018-இல் வெளியிட்ட தரவரையறையில், ஆஸ்பத்திரியில் இருக்கும் பார்க்கின்சன் நோயாளிக்கு அவருக்கென்று எழுதப்பட்ட நேரத்திலிருந்து 30 நிமிடத்துக்குள் லெவோடோபா போய்ச் சேர வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பார்க்கின்சன் ஃபவுண்டேஷன் 2011-இல் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக என்றே ஒரு பை தயாரித்துக் கொடுக்க ஆரம்பித்தது. இங்கே அப்படி யாரும் கொண்டுவந்து கொடுக்கும்வரை நம் பையை நாமே தயார் செய்துகொள்ள வேண்டியதுதான்.

என் பையில் முதலில் நியூராலஜி டாக்டரின் கடிதம். லெட்டர்பேடில், கையெழுத்தும் சீலும் வைத்து, ஒவ்வொரு மாத்திரைக்கும் பெயர், பலம், மணி. 1-1-1 கூடாது, மணியாகவே எழுதித் தரச் சொல்லி வாங்கினேன். பலம் ஏன் முக்கியம் என்றால், லெவோடோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்து வரும் மாத்திரையைச் சின்டோபா என்று வாயால் சொன்னால் 110 இருக்கிறது, 125 இருக்கிறது, 275 இருக்கிறது, மெதுவாகக் கரையும் சிஆர் வேறு இருக்கிறது. 110-லும் 125-லும் லெவோடோபா ஒரே 100 மில்லிகிராம்தான், ஆனால் கூட இருக்கும் கார்பிடோபா ஒன்றில் 10, மற்றதில் 25. கார்பிடோபா குறைந்தால் சிலருக்குக் குமட்டும். வார்டில் குமட்டுகிறது என்று சொன்னால் கை போவது பெரினார்ம் ஊசிக்கு, அதாவது மெட்டோகுளோபிரமைடு. அது மூளையில் டோபமினையே தடுக்கும் மருந்து, நமக்கு ஆகவே ஆகாது. மாத்திரையில் ஒரு சின்ன மாற்றம் எங்கே கொண்டுபோய் விடுகிறது பாருங்கள். அதனால் ஆஸ்பத்திரி பார்மசியில் நம் பலம் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், பத்து நாளைக்கு வேண்டியதை அட்டையோடு எடுத்துப் போங்கள். டப்பாவில் பிரித்துப் போட்ட மாத்திரையை எந்த சிஸ்டரும் நம்பமாட்டார், நம்பவும் கூடாது. சிஆர் மாத்திரையைப் பொடித்துக் கரைக்கக் கூடாது என்பதையும் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள், மூக்குக்குழாய் வைக்க நேர்ந்தால் அங்கேதான் தப்பு நடக்கும்.

கூடாத மருந்துகளைத் தனி அட்டையில் சிவப்பில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டப் போகிறேன். மெட்டோகுளோபிரமைடு, வாந்திக்கும் தலைசுற்றலுக்கும் கொடுக்கும் ஸ்டெமெட்டில் என்கிற புரோகுளோர்பெரசின், ஃபெனர்கான் என்கிற புரோமெத்தசின், ராத்திரி நோயாளி உளறினால் போடும் ஹாலோபெரிடால். நம் ஊரில் இன்னொன்றைக் கட்டாயம் சேர்க்க வேண்டும், லெவோசல்பிரைடு. காஸ் டிரபிள் கேப்சூல் என்று சாதாரணமாக எழுதுவார்கள், அசிடிட்டி மருந்தோடு கலந்தே வரும், பெயரைப் பார்த்தால் தெரியாது, பின்னால் பொடி எழுத்தைப் படிக்க வேண்டும். பார்க்கின்சன் இல்லாதவருக்கே நடுக்கத்தையும் இறுக்கத்தையும் வரவழைக்கக்கூடியது அது. வாந்திக்கு ஒன்டான்செட்ரான் பெரும்பாலும் ஒத்துப்போகும், பார்க்கின்சனுக்காக அப்போமார்ஃபின் எடுப்பவர்களுக்கு மட்டும் அது கூடாது. உளறலுக்கு என்ன கொடுக்கலாம் என்பதை உங்கள் நியூராலஜி டாக்டரிடமே முன்கூட்டிக் கேட்டு எழுதி வாங்குங்கள். பார்க்கின்சனுக்கே கொடுக்கும் ராசாகிலின், செலிகிலின் சாப்பிடுபவர்கள் வலிக்கு டிரமடாலும் பெத்திடினும் கூடாது என்பதையும் எழுத வேண்டும். நம் ஊரில் ஆபரேஷன் முடிந்தால் டிரமடால் சர்வசாதாரணம்.

பூனைக்காலி விதைப் பொடி சாப்பிடுபவர்கள் தயவுசெய்து அதை மறைக்காதீர்கள். நாட்டு மருந்து என்று சொன்னால் டாக்டர் திட்டுவார் என்று பயந்து பலர் சொல்வதில்லை. பூனைக்காலியில் இருப்பதே லெவோடோபாதான், அது தெரியாமல் டாக்டர் எப்படிக் கணக்குப் போடுவார்?

ஆபரேஷன் நாள்தான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. ராத்திரியிலிருந்து பட்டினி என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள், அதில் காலை மாத்திரையும் சேர்ந்து போய்விடும். அனஸ்தீசியா டாக்டரைப் பார்க்கப் போனபோது இதை நேராகக் கேட்டேன். ஒரு மடக்குத் தண்ணீரோடு 6 மணி மாத்திரையைச் சாப்பிடலாம் என்று எழுதியே கொடுத்தார், முதல் கேஸாக எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். கேட்டால் கிடைக்கிறது. ராசாகிலினை எப்போது நிறுத்துவது, நிறுத்த வேண்டுமா என்பதை அவரும் நியூராலஜி டாக்டரும் பேசி முடிவு செய்தார்கள், அது நாமாகச் செய்கிற வேலை இல்லை. லெவோடோபாவை ஒரேயடியாக நிறுத்துவது எந்தக் காரணத்துக்காகவும் ஆகாது. கடும் காய்ச்சல், உடம்பு முழுக்க இறுக்கம், நினைவு தப்புதல் என்று உயிருக்கே ஆபத்தாகலாம், பார்க்கிறவர்கள் அதைக் கிருமித்தொற்று என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். வாய்வழி கொடுக்க முடியாத நிலை வந்தால் குழாய் வழியாகவா, தோலில் ஒட்டும் பட்டையா, எது என்று முதல் வேளை தவறும் முன்பே நியூராலஜி டாக்டரைக் கேட்கச் சொல்லுங்கள். மூளைக்குள் மின்தூண்டல் கொடுக்கும் டிபிஎஸ் கருவி வைத்தவர்கள் அதன் அடையாள அட்டையையும் ரிமோட்டையும் கொண்டுபோக வேண்டும், எம்ஆர்ஐ எடுக்கும் முன்பும் தியேட்டரில் கரண்ட் கருவி பயன்படுத்தும் முன்பும் சொல்ல வேண்டும், பிசியோதெரபியில் டயாதெர்மி சூடு கூடவே கூடாது.

சாப்பாடு. ஆபரேஷன் ஆனவர்களுக்குத் தெம்புக்கு என்று புரோட்டீன் பவுடர் கலந்த பாலும் முட்டையும் அனுப்புவார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் புரதமும் லெவோடோபாவும் குடலிலும் மூளைக்குள் நுழையும் இடத்திலும் ஒரே வழிக்குப் போட்டி போடுபவை. மாத்திரைக்கு அரை மணி கழித்துச் சாப்பாடு, இல்லையென்றால் சாப்பிட்டு ஒரு மணி கழித்து மாத்திரை. இரும்புச்சத்து மாத்திரையையும் இதோடு சேர்த்து விழுங்கக் கூடாது. டயட்டீஷியனிடம் இதைச் சொன்னால் புரிந்துகொண்டு நேரத்தை மாற்றித் தருவார்.

மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும், வழுக்காத செருப்பு, கண்ணாடி, மலச்சிக்கலுக்கான மருந்து, எழும்போது சட்டென்று எழாமல் உட்கார்ந்து நிதானித்து எழுவது. ஒன்று மட்டும். அழைப்பு மணி பட்டனை ஆஃப் நேரத்தில் என்னால் அழுத்த முடியாது, அதனால் ராத்திரி மகன் தூங்கினாலும் அவன் கை எனக்கு எட்டுகிற தூரத்தில் பாய் போடச் சொல்லியிருக்கிறேன். ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் புது சிஸ்டரிடம் கடிதத்தை ஒருமுறை காட்டுவது அவன் வேலை. நான் பேசாமல் இருந்தாலும் என்னிடமே கேட்கச் சொல்லி, பதிலுக்குக் கொஞ்சம் நேரம் கொடுக்கச் சொல்லி டாக்டரிடம் சொல்வதும் அவன் வேலை.

டிஸ்சார்ஜ் அன்று வீட்டுக்குப் போகிற அவசரத்தில் சம்மரியைப் படிக்காமல் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். இவ்வளவு பாடுபட்டு மாற்றிய மணி நேரம் அதில் மறுபடி 1-1-1 ஆகியிருக்கும், கூடவே ஒரு காஸ் கேப்சூலும் ஒரு மாதத்துக்கு எழுதியிருப்பார்கள். பில் கவுன்டருக்குப் போகும் முன்பே வார்டில் உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்து, டியூட்டி டாக்டரிடம் திருத்தி, புதிதாக அச்செடுத்து வாங்குங்கள்.