முதலில் தண்ணீருக்கு வழி, அப்புறம்தான் நாற்று

கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்தி (மாங்குரோவ்) நாற்று நடும் விழாப் படத்தின் கீழே "இது மேட்டுத்திட்டு, இங்கே பிழைக்காது" என்று எழுதிய ஆராய்ச்சி மாணவரை நேற்று முழுக்க வறுத்தெடுத்துவிட்டீர்கள். காசு வாங்கிக்கொண்டு மரம் நடுவதைத் தடுக்கிறான் என்றுகூட ஒருவர் எழுதியிருந்தார். படித்து மனசு நொந்துவிட்டது. அந்தத் தம்பி சொன்னது முழுக்கச் சரி.

அலையாத்தி, ஓதம் (கடல்நீரின் அன்றாட ஏற்ற இறக்கம்) ஏறும்போது நனைய வேண்டும், இறங்கும்போது வேர் மூச்சுவிட வேண்டும். பிச்சாவரம் பக்கம் ஓத உயரமே ஒரு மீட்டருக்குள்தான். தரை ஒரு சாண் கூடினாலும் குறைந்தாலும் எல்லாம் மாறிவிடும். மேடென்றால் நீர் எட்டாது. பள்ளமென்றால் வந்த நீர் திரும்பாது. வெயிலில் வற்றி உப்பு ஏறும். கடல்நீரிலேயே லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. தேங்கிய பள்ளத்தில் அதைவிடப் பல மடங்கு கடுமையாகும், நாற்று கருகும்.

பிச்சாவரத்தில் நடந்தது இதுதான். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து கூறு கூறாகக் காட்டை மொட்டையடித்ததில், வெயில் பட்ட சேறு வற்றித் தரை தாழ்ந்து தொட்டி போலானது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் அங்கே முதலில் நாற்றைத் தொடவில்லை. மீன்முள் போல வாய்க்கால் வெட்டினார்கள்: நடுவே பெரிய வாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளைகள், கரை சரியாதபடி மேலே அகலம், அடியில் குறுகல். ஓதம் உள்ளே போய்த் திரும்பி உப்பைக் கழுவியது. அதன் பிறகுதான் வாய்க்கால் ஓரங்களில் வெண்கண்டல் என்ற அலையாத்தி வகையை நட்டார்கள். வண்டல் அடைத்தால் தூர்வார வேண்டும். விட்டால் பழைய தொட்டிதான்.

"மரம் நடுவதிலும் குறையா?" நடுவதில் குறையே இல்லை, இடம்தான் தப்பு. முதலில் தண்ணீருக்கு வழி.

"சுனாமியில் காடுதானே காப்பாற்றியது?" 2004இல் அலையின் வேகத்தைக் காடு குறைத்தது. ஊரின் உயரமும் கரையிலிருந்து இருந்த தூரமும் அதில் சேரும். அங்கே நின்றது அடர்ந்து வளர்ந்த காடு, முழங்கால் உயர நாற்று அல்ல.

"இவனுக்கு என்ன வயசு?" இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரோடு சேற்றில் இறங்கி அளந்தவரிடம் கேட்கும் கேள்வியா இது? நட்ட எண்ணிக்கை அறிக்கையில் ஏறும். பிழைத்த எண்ணிக்கையை யாரும் கேட்பதில்லை. கரையோர ஜனம் அரண் வந்துவிட்டதென்று நம்பியிருக்கும். 2018 கஜா புயலைப் பார்த்த ஜனம் அது. அவர்களிடம் பொய்க் கணக்குக் காட்டக்கூடாது.

அடுத்த வரிசை நடுமுன் திட்டில் அளவு குறித்த கம்பு ஒன்றை ஊன்றுங்கள். ஒரு அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரை தினமும் நீர்மட்டம் குறியுங்கள். கோடையில் மட்டும் அளந்தால் போதாது, ஐப்பசி கார்த்திகையில் கடல்மட்டமே கூடும். அரை அடிக் குழி தோண்டி, ஊறும் நீரின் உப்பையும் பாருங்கள். அந்தத் தம்பியையே கூப்பிடுங்கள். கூப்பிடும்போது நேற்று எழுதியதற்கு மன்னிப்பும் கேளுங்கள்.