ஆப்பில் போடாவிட்டால் சொன்னதே இல்லையா?

விஷயம் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், ஸ்கிரீன்ஷாட் ஓசூர் முழுக்கச் சுற்றிவிட்டது. கம்பெனி பெயரை நான் எழுதப்போவதில்லை. மிஷினில் சுழலும் தண்டு, அந்த ஸ்பிண்டிலில் சத்தம் வருகிறது என்று ஷிப்ட் மாறும்போது எங்களோடு வேலை செய்யும் மூத்த அண்ணன் சூப்பர்வைசரிடம் வாயால் சொன்னார், நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்புறம் பேரிங் போனது. இப்போது மெமோ அண்ணனுக்கு. ஏன்? கம்பெனி ஆப்பில் டிக்கெட், அதாவது ரிப்பேர் புகார், போடவில்லையாம்.

சொன்னாரா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஆப்பில் இருக்கிறதா என்று மட்டும்தான் கேட்டார்கள்.

இதே ஆட்கள்தான் எங்களை ஏசி ஹாலில் உட்கார வைத்து 'கல்ச்சர் சேஞ்ச்' வகுப்பு எடுத்தார்கள். டொயோட்டாவில் லைனில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் ஏதாவது தப்பாகப் பட்டால் கயிற்றை இழுக்கலாம், உடனே சரியாகாவிட்டால் லைனே நிற்கும் என்று படம் போட்டுக் காட்டினார்கள். கைதட்டினோம். எங்கள் ஆப்பில் டிக்கெட் போட்டுப் பாருங்கள், அந்த நொடியிலிருந்து மிஷின் நின்ற கணக்கு ஓடும், ஷிப்ட் பெயரோடு டிவியில் சிவப்பாக ஏறும், காலை மீட்டிங்கில் அந்தச் சிவப்புக்கு ஒரு தலை உருளும். அதனால்தான் 'ஓட்டுங்க, பார்த்துக்கலாம்' என்பது. அதை எந்தக் கட்டத்தில் பதிவது சார்?

ரெக்கார்டு இல்லாமல் ஆடிட்டில் என்ன காட்டுவது என்பீர்கள். சரி, நியாயம். சொன்னதைக் கேட்டவர் பதியலாமே, அவர் கையிலும் அதே ஆப்தானே இருக்கிறது?

'பழைய ஆளுங்க, மாற மாட்டாங்க' என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறான். தம்பி, 2004-ல் கிருஷ்ணகிரியைத் தனி மாவட்டமாகப் பிரிப்பதற்கு முன்னாலேயே அண்ணன் பாலக்கோடு பக்கத்திலிருந்து ராயக்கோட்டை வழியாக பஸ் பிடித்து வேலைக்கு வந்தவர். இன்றைக்கும் தக்காளி விலையைப் போனில் பார்த்துவிட்டுத்தான் வீட்டில் பறிக்கச் சொல்லுவார். டீக்கடையில் சில்லறை தேடுகிறவன் நான், ஸ்கேன் பண்ணுகிறவர் அவர். மாறாதது யார்? முன்பெல்லாம் மேனேஜர் சத்தம் போட்டால் ஷெட்டில் அந்தப் பகுதியோடு போகும், இப்போது குரூப்பில் போட்டு இருநூறு பேர் பார்க்கத் திட்டுகிறார், கீழே பத்துப் பேர் கட்டைவிரல் வைக்கிறார்கள். இதுதான் நீங்கள் கொண்டுவந்த மாற்றம்.

என் அப்பாவின் காரியத்தன்று ஊரில் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தேன். 'ப்ளூ டிக் வந்தும் பதில் இல்லை' என்று என் பெயரோடு குரூப்பில் விழுந்தது. லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போயிருந்தேன், அதே ஆப்பில்! பிரான்ஸில் 2017-லிருந்து வேலை நேரத்துக்கு அப்பால் தொடர்பில் இல்லாமல் இருக்கும் உரிமைக்குச் சட்டமே இருக்கிறது. இங்கே அதைக் கேட்டால் டீம் ஸ்பிரிட் இல்லை என்பார்கள். ஆமாம், எனக்கு இல்லை. அன்றைக்கு ஒருத்தர்கூட, 'விடுங்க சார், அவங்க வீட்டில் காரியம்' என்று எழுதவில்லை. அண்ணன் மட்டும்தான் போன் பண்ணினார்.

ஆப் வேண்டாம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை, மேலே போய்ப் படியுங்கள். வாயால் சொன்னதும் சொன்னதுதான் என்கிறேன், அவ்வளவுதான்.

மெமோவுக்குப் பதிலை ஆப்பிலேயே போடச் சொல்லியிருக்கிறார்கள். பேப்பரில், தமிழில் எழுதிக் கொடுக்கப்போகிறோம், சாட்சியாக நான் கையெழுத்துப் போடுகிறேன். அண்ணன் பெயரை மட்டும் யாரும் கமெண்டில் போடாதீர்கள்.