39-ஆவது இடத்தைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

மூன்று நாளாக எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

எந்தப் பதிவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை, நம் ஓட்ட வட்டத்தில் ஆளாளுக்குப் பகிர்ந்துவிட்டீர்கள். இடது பக்கம் கென்யாவின் மாரத்தான் வீரர் எலியுட் கிப்சோகே, வலது பக்கம் எத்தியோப்பியாவின் நெடுந்தூர ஓட்டக்காரர் கெனெனிசா பெகெலே. நடுவில் பெரிய எழுத்தில் 'ஒழுக்கம் ஜெயிக்கும், திறமை தோற்கும்'. கீழே 2024 பாரிஸ் ஒலிம்பிக் மாரத்தானில் கெனெனிசாவின் முடிவு: 39-ஆவது இடம், 2 மணி 12 நிமிடம் 24 விநாடி. அதற்கும் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். சிரித்தவர்களில் ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னோடு சேர்ந்து ஓடுகிறவர்களும் உண்டு. அதுதான் அதிகம் வலித்தது.

ஒன்றே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கெனெனிசா எதையும் வீணாக்கவில்லை. நீங்கள்தான் தாமதமாக வந்தீர்கள். பந்தி முடிந்து இலை எடுக்கிற நேரத்தில் உள்ளே நுழைந்து, இங்கே சமையலே நடக்கவில்லை என்று சொல்கிறீர்கள்.

நம்மில் பலர் ஓட ஆரம்பித்ததே பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்குள்தான். ஓட்டம் என்றால் மாரத்தான், மாரத்தான் என்றால் கிப்சோகே. அதில் தப்பில்லை. ஆனால் உங்களுக்குத் தெரிந்த ஒரே தூரத்தை வைத்து, அதற்கு முன் பன்னிரண்டு வருடம் வேறு தூரங்களில் ஓடிய ஒரு மனிதரை அளக்காதீர்கள். அவர் முதல் மாரத்தான் ஓடியது 2014-இல், பாரிஸில். அதிலும் 2:05:04 ஓடி ஜெயித்தார். அப்போது அவருக்கு வயது 31.

அதற்கு முன் என்ன செய்தார்? உலக கிராஸ் கன்ட்ரி போட்டியில் அப்போது ஆண்களுக்கு 4 கிலோமீட்டர், 12 கிலோமீட்டர் என்று இரண்டு ஓட்டங்கள். ஒரே வார இறுதியில் இரண்டும் நடக்கும். சேறும் மேடுமான பாதை. 2002 முதல் 2006 வரை ஐந்து வருடம் தொடர்ந்து இரண்டையும் இவரே ஜெயித்தார். வேறு எந்த ஆணும் ஒரு வருடம்கூட இதைச் செய்ததில்லை. 2008-இல் எடின்பரோவில் இன்னொரு தங்கம். அந்த ஓட்டத்தின் காணொளியை ஒருமுறை தேடிப் பாருங்கள். தொடக்கத்திலேயே பின்னால் வந்தவர் மிதித்து இவர் ஷூ கழன்றுவிடுகிறது. கூட்டம் முழுக்கத் தாண்டிப் போகிறது. இவர் நின்று, குனிந்து, ஷூவை மாட்டிக்கொண்டு, கடைசியிலிருந்து மறுபடி ஓடி வந்து ஜெயிக்கிறார். இப்படிக் குனிந்து எழுந்து ஜெயித்தவரைத்தான் ஒழுக்கம் இல்லாதவர் என்கிறீர்கள்.

அவருடைய உலக சாதனைகள்: 5,000 மீட்டரில் 12 நிமிடம் 37.35 விநாடி, ஹெங்கெலோ, 2004. 10,000 மீட்டரில் 26:17.53, பிரஸ்ஸல்ஸ், 2005. முதல் சாதனை பதினாறு வருடம் நின்றது, இரண்டாவது பதினைந்து. 2020-இல்தான் உகாண்டாவின் ஜோஷுவா செப்டெகை இரண்டையும் தாண்டினார். அப்போது ட்ராக் ஓரத்தில் வேகம் காட்டும் விளக்குகள் வந்துவிட்டன, புது வகை ஷூக்களும் வந்துவிட்டன. செப்டெகையைக் குறைத்துச் சொல்லவில்லை, அவர் பெரிய ஓட்டக்காரர். அந்தக் கடிகாரத்தைத் தொட உலகத்துக்கு எவ்வளவு காலம் பிடித்தது என்பதைத்தான் சொல்கிறேன். ஏதென்ஸில் ஒரு ஒலிம்பிக் தங்கம், பெய்ஜிங்கில் இரண்டு. 10,000 மீட்டரில் 2003 முதல் 2009 வரை நான்கு உலக சாம்பியன் பட்டங்கள். 2011-இல் தென்கொரியாவின் தேகுவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் பாதியில் விலகும்வரை, ட்ராக்கில் ஓடிய ஒரு 10,000 மீட்டரில்கூட அவர் தோற்றதில்லை.

இதெல்லாம் வீண் என்றால், வீணாகாதது எது என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

அந்தப் பதிவின் கீழே நான் நாலு வரி எழுதினேன். அதற்கு ஒரு நண்பர் போட்ட பதில்: "நீங்க எத்தியோப்பியாவுல வேலை பார்த்தவர், உங்களுக்குப் பாசம் இருக்கத்தான் செய்யும்." சரி, இருக்கிறது. மறைக்கவில்லை. எப்படி வந்தது என்பதையும் கேளுங்கள்.

மூன்று வருடம் அசெல்லாவில் கணக்குப் பாடம் எடுத்தேன். அந்தக் காலத்தில் எத்தியோப்பியக் கல்லூரிகளுக்கு நம் ஊரிலிருந்து ஆசிரியர்கள் நிறையப் போனார்கள், நானும் அப்படிப் போனவன்தான். அசெல்லாவிலிருந்து தெற்கே மினிபஸ்ஸில் போனால் பெக்கோஜி வரும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,800 மீட்டர் உயரம். சுற்றிலும் பார்லி, கோதுமை வயல்கள், யூகலிப்டஸ் தோப்புகள். கெனெனிசா அந்தப் பக்கத்துக்காரர். ஒலிம்பிக் தங்கம் வாங்கிய டெரார்டு துலு, ஃபாத்துமா ரோபா, திருநேஷ் டிபாபா எல்லாரும் அந்தச் சின்ன ஊர்ப் பக்கம்தான். பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்த செந்தாயெகு எஷெட்டு என்பவர்தான் அங்கே பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்து ஓடப் பழக்கினார்.

என் வகுப்பில் பெக்கோஜிப் பையன் ஒருவன் இருந்தான். ஒரு விடுமுறைக்குக் கூட்டிப் போனான். "டீச்சர், பன்னிரண்டரைக்குத் தயாராக இருங்கள்" என்றான். அங்கே விடிந்ததிலிருந்துதான் மணிக்கணக்கு, பன்னிரண்டரை என்றால் நம் காலை ஆறரை. வெளியே போனால் மூச்சு புகையாக வருகிற குளிர். தோப்புக்குள்ளிருந்து ஒரு வரிசை ஓடி வந்தது. முப்பது நாற்பது பேர் இருக்கும். பேச்சே இல்லை, மண்ணில் கால் படுகிற சத்தம் மட்டும். சிலர் காலில் கிழிந்து தைத்த ஷூ. முன்னால் ஓடுகிறவன் கையைப் பக்கவாட்டில் காட்டினால் பின்னால் வருகிற அத்தனை பேரும் அந்தக் கல்லைத் தாண்டுகிறார்கள். நானும் கொஞ்சம் ஓடினேன். முதல் மேட்டிலேயே காற்று நெஞ்சுக்குள் இறங்கவில்லை, நின்றுவிட்டேன். கடைசியில் வந்த ஒரு சின்னப் பெண் என்னைத் தாண்டும்போது "ஐசோஹ்" என்று சொல்லிவிட்டுப் போனாள். தைரியமாக இரு, ஒன்றுமில்லை என்று அர்த்தம். அங்கே வழியில் ஒருவன் கால் தடுக்கினால்கூட முன்பின் தெரியாதவர்கள் சொல்கிற வார்த்தை அது.

2009 ஆகஸ்ட். நல்ல மழைக்காலம், விடுமுறைக்கு ஊருக்கு வராமல் அங்கேயே இருந்தேன். பெர்லின் உலக சாம்பியன்ஷிப். 10,000 மீட்டர் தங்கம் ஏற்கெனவே வாங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை 5,000 மீட்டர் இறுதி ஓட்டம். பஸ் நிலையம் பக்கத்துக் காப்பிக்கடையில் ஒரே ஒரு டிவி. தரையில் பச்சைப்புல் பரப்பியிருந்தது, கடைக்காரம்மா காப்பிக்கொட்டை வறுத்துக்கொண்டிருந்தார். கடைசி நேர்பாதையில் அமெரிக்காவின் பெர்னார்ட் லகாட் ஒட்டி வந்து முந்திவிடுகிறார் போலிருந்தது. கடைக்காரம்மா வறுப்பதை நிறுத்திவிட்டுச் சட்டியோடு எழுந்து நின்றார். கெனெனிசா மறுபடி ஒரு அடி எடுத்தார், இன்னொரு அடி எடுத்தார். 0.24 விநாடியில் ஜெயித்தார். ஒரே உலக சாம்பியன்ஷிப்பில் 5,000, 10,000 இரண்டையும் வென்ற முதல் ஆண் அவர்தான். கொட்டை கருகிப் போய்விட்டது, அன்றைக்கு அந்தக் கருகிய காப்பியைத்தான் எல்லாரும் குடித்தோம். ஆமாம், எனக்குப் பாசம்தான்.

இப்போது, நீங்கள் கேட்கப் போகிற கேள்விகள்.

'மாரத்தானில் கிப்சோகேதானே பெரியவர்?' ஆமாம். இரண்டு ஒலிம்பிக் மாரத்தான் தங்கம். யார் மறுத்தார்கள்? எனக்கும் அவர்மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் ஒருவருக்கு மாலை போட இன்னொருவர் முகத்தில் சேறு பூச வேண்டுமா?

'கெனெனிசா ஒழுங்காகப் பயிற்சி செய்யவில்லை என்று அவரோடு இருந்தவர்களே சொன்னார்களே?' சொன்னார்கள். மாரத்தான் வருடங்களில் உடம்பு ஏறியது, சில ஓட்டங்களைப் பாதியில் விட்டார், தொழில் பக்கம் கவனம் போனது. இதில் உண்மை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2010 முழுக்கக் கெண்டைக்கால் காயத்தில் போனது. அதற்கப்புறம் அந்தக் கால் முழுசாகச் சரியாகவே இல்லை. தேகுவில் விலகியதும் முடிந்தது கதை என்றார்கள். மூன்று வாரம்கூட ஆகவில்லை, பிரஸ்ஸல்ஸில் 10,000 மீட்டரை 26:43.16-இல் ஓடினார். 2018-இல் ஆம்ஸ்டர்டாமில் முடிக்காமல் விட்டபோது மறுபடியும் அதையே சொன்னார்கள். அடுத்த வருடம் பெர்லினில், முப்பதாவது கிலோமீட்டரைத் தாண்டியதும் பின்தங்கிப் போய், திரும்ப வந்து முன்னால் போனவர்களைப் பிடித்து, 2:01:41. அன்றைய உலக சாதனைக்கு இரண்டே விநாடி பாக்கி. 2024 ஏப்ரலில், 42 வயதை நெருங்குகிற நேரத்தில், லண்டனில் 2:04:15 ஓடி இரண்டாவது வந்தார். ஒழுக்கம் இல்லாதவர் 41 வயதில் 2:04 ஓடுவாரா? நம் வட்டத்தில் மூன்று மணி நேரத்துக்குள் முடிக்கவே எத்தனை வருடம் உழைக்கிறோம்?

பாரிஸ் 39-ஆவது இடத்துக்கு வருகிறேன். 2012-க்குப் பிறகு அவர் ஓடிய முதல் ஒலிம்பிக் அது. ரியோவுக்கு அனுப்பவில்லை, டோக்கியோவுக்கும் போகவில்லை. முதல் ஒலிம்பிக் மாரத்தான், வயது 42, மேடு ஏறி இறங்குகிற கடினமான பாதை. எத்தியோப்பியாவின் தமிராத் தோலா தங்கம் வாங்கினார். கெனெனிசா கடைசிவரை ஓடி முடித்தார். அதே ஓட்டத்தில் கிப்சோகே முதுகு வலியால் முடிக்க முடியாமல் விலகினார். இது கிப்சோகேக்கு இழுக்கு இல்லை, உடம்பு அப்படி. ஆனால் பதிவு போட்டவர் ஒருவருடைய முடிவை மட்டும் வெட்டி ஒட்டினாரே, மற்றவருடைய முடிவை ஏன் விட்டார்? அந்த வரியும் அதே பக்கத்தில்தானே இருந்திருக்கும்?

இதற்கு மேல் அமைதியாக எழுத வரவில்லை. கருத்துப் பகுதியில் ஒருவர் 'காயம், தேர்வு, காதலி என்று வாழ்நாள் முழுக்கக் காரணம் சொல்கிற ஆள்' என்று எழுதியிருக்கிறார். அதற்கும் சிரிப்புப் பொம்மைகள் விழுந்திருக்கின்றன.

காதலி. அவர் பெயர் அலெம் டெச்சாலே. அவரும் ஓட்டக்காரர், 2003-இல் இளையோர் 1,500 மீட்டர் உலக சாம்பியன். 2005-இல் கல்யாணம் செய்துகொள்வதாக இருந்தார்கள். அந்த வருடம் ஜனவரி 4 அன்று, அடிஸ் அபாபாவுக்கு வெளியே காட்டில் இருவரும் சேர்ந்து ஓடிக்கொண்டிருந்தபோது அலெம் சரிந்து விழுந்தார். பிழைக்கவில்லை. பதின்வயதுப் பெண். அன்று காலை பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது கெனெனிசாதான்.

மார்ச்சில் அவர் பிரான்சுக்குப் போய் உலக கிராஸ் கன்ட்ரியில் இரண்டு ஓட்டங்களையும் ஜெயித்தார். ஆகஸ்டில் ஹெல்சின்கியில் உலக சாம்பியன். அதே மாதம் பிரஸ்ஸல்ஸில் 26:17.53. எல்லாம் அதே வருடம். எந்தக் காரணத்தைச் சொன்னார் அவர்? எந்த ஓட்டத்தை விட்டார்? நாமெல்லாம் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் ஒரு வருடம் பண்டிகை கொண்டாடாத ஆட்கள். அந்த மனிதர் அதே கால்களோடு அதே வேலைக்குப் போனார்.

எனக்குக் கோபம் கிப்சோகே படத்தின்மேல் இல்லை. ஒரு மனிதரின் இருபது வருடத்தை ஒரு காலைநேரப் பாடமாகச் சுருக்கி, ஜெயித்தால் ஒழுக்கம், தோற்றால் சோம்பல் என்று முடித்துவிடுகிற புத்திமேல்தான் கோபம். அந்தக் கணக்குப்படி பெக்கோஜியில் அன்று காலை நான் பார்த்த அத்தனை பேரும் சோம்பேறிகள். அந்த வரிசையில் ஓடியவர்களில் எத்தனை பேர் ஒரு பந்தயத்துக்காவது வெளியே போயிருப்பார்கள்?

என்னைக் கூட்டிப்போன அந்தப் பையனும் பதினாறு வயதுவரை அந்த வரிசையில் ஓடியவன்தான். குதிகால் நரம்பில் காயம். வைத்தியத்துக்கு வழியில்லை, படிக்க வந்துவிட்டான். பெர்லின் ஓட்டத்தன்று அவனும் காப்பிக்கடையில் இருந்தான். எல்லாரும் கத்துகிறோம், அவன் மட்டும் டிவியைப் பார்க்காமல் மேஜையில் விரலால் தட்டிச் சுற்றுகளை எண்ணிக்கொண்டிருந்தான். கடைசிச் சுற்று மணி அடித்தபோதுதான் தலை நிமிர்ந்தான்.

அவன் இன்னும் என் முகநூல் நட்புப் பட்டியலில் இருக்கிறான். நல்லவேளை, அவனுக்குத் தமிழ் தெரியாது.