வெயில் காலத்தில் டயர் காற்றைக் குறைக்காதீர்கள்

"வெயில் காலத்தில் டயரில் நாலைந்து பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) குறைத்து வையுங்கள், இல்லாவிட்டால் சூட்டில் விரிந்து வெடித்துவிடும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்கு நன்றி சொன்னவர்களும் இருக்கிறார்கள். ஐயா, இது தலைகீழான யோசனை.

சூட்டில் அழுத்தம் கூடும் என்பது சரி. 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் ஒன்று, ஒன்றரை பிஎஸ்ஐ கூடும். அதையும் சேர்த்துத்தான் வண்டி நிறுவனம் அளவைக் குறித்திருக்கிறது. ஆபத்து காற்றுக் குறைவில்தான் அதிகம். காற்று இறங்கிய டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் அமுங்கி நிமிர்கிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 800 முறைக்கு மேல். ஒரு கம்பியை நாலு முறை மடக்கி நிமிர்த்திவிட்டு மடிந்த இடத்தைத் தொட்டுப் பாருங்கள், சுடும். டயருக்கும் அதே கதிதான். மெல்லக் காற்று இறங்கியதைக் கவனிக்காமல் நான் ஓட்டிய டயரைக் கழற்றியபோது உள்ளிருந்து கருப்பு ரப்பர் தூள் கைப்பிடியளவு கொட்டியது. வெளியே பார்க்கப் புதிது போலவே இருந்தது!

சரியான அளவு ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். டயரின் மீது அச்சிட்டிருப்பது அதிகபட்ச அளவு; அதைப் பார்த்து நிரப்புவது வேறொரு தவறு. வண்டி 3 மணி நேரமாவது நின்ற பிறகு அளந்து பாருங்கள். ஓடி வந்த சூட்டில் கூடுதலாகக் காட்டினால் காற்றைத் திறந்துவிடாதீர்கள். ஆறியதும் தேவைக்குக் கீழே போயிருக்கும்.