தாத்தாவின் ஞாபகம் வந்துவிட்டது
இரண்டாம் உலகப் போரில் பீரங்கிப் படையில் இருந்துவிட்டு, பிறகு லேத் பட்டறையில் காலமெல்லாம் உழைத்த பெரியவரின் மறைவு பற்றிய இக்கட்டுரை என் தாத்தாவைக் கண்முன் நிறுத்திவிட்டது. அவரும் அப்படித்தான். 1945-இல் போர் முடிந்தபோது அவருக்கு 19 வயது. பதக்கத்தை யாரிடமும் காட்டியதில்லை. பட்டறையில் நுண்ணிய அளவுகளை அளக்கும் மைக்ரோமீட்டரை மட்டும் துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருப்பார். காது மந்தம் என்று வீட்டில் சலித்துக்கொள்வோம். பீரங்கிச் சத்தத்தில் உட்செவியில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் அழிந்தால் மறுபடி வளராது, பட்டறை இரைச்சல் மிச்சத்தையும் தின்றிருக்கும் என்பதெல்லாம் அவர் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எத்தனை முறை எரிச்சலோடு கத்தியிருக்கிறேன்! கட்டுரையாளர் அந்தப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டு எழுதியிருக்கிறார், அதற்கு நன்றி. குடும்பத்தாருக்கு என் ஆழ்ந்த இரங்கல்.