மேடானில் பறிபோன எங்கள் பெயர்

"முதலில் நல்ல விநியோகிப்பாளரைப் பிடியுங்கள், வர்த்தக முத்திரையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று, வெளிநாட்டில் பொருள் விற்கக் கிளம்பும் சின்ன வியாபாரிகளுக்கான உங்கள் கட்டுரையில் வருகிறது. அந்த வரிசையில் போய்த்தான் நாங்கள் அடிபட்டோம்.

மலேசியாவின் பினாங்கு ஜார்ஜ்டவுனில் அப்பா காலத்திலிருந்து கறித்தூள் அரைத்து விற்கிறோம். இந்தோனேசியாவின் மேடான் நகருக்குச் சரக்கு அனுப்பத் தொடங்கியபோது, பெயர்தான் இங்கே பதிவாகியிருக்கிறதே என்று இருந்துவிட்டோம். இரண்டு வருடத்தில், அங்கே சரக்கு எடுத்தவரே எங்கள் பெயரைத் தன் பேரில் பதிந்துகொண்டார். அவர் போட்ட பாக்கெட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அம்மா வரைந்த கறிவேப்பிலைக் கொத்தில் ஓர் இலை மடங்கியிருக்கும். அந்த மடிப்புகூட அப்படியே இருந்தது. வயிறு எரிந்துவிட்டது.

இங்கே பதிந்த முத்திரை இங்கே மட்டும்தான் செல்லும். இந்தோனேசியாவில் முதலில் விண்ணப்பித்தவர் கைதான் ஓங்கும். கெட்ட எண்ணத்தோடு பதிந்தார் என்று வழக்குப் போடலாம், ஆனால் நிரூபிக்கும் பாரம் நம் தலையில். சரக்கு எடுத்த அந்த ஏஜெண்டோடு பேசிய வாட்ஸ்அப் செய்தி, இன்வாய்ஸ் எல்லாவற்றையும் தேடி எடுக்கவே எங்களுக்கு மாதக்கணக்கில் ஆனது.

இத்தனைக்கும் வழி பக்கத்திலேயே இருக்கிறது. பல நாடுகளில் முத்திரை பதிய உதவும் சர்வதேச ஏற்பாடான மாட்ரிட் முறையில் இந்தோனேசியா 2018லும் மலேசியா 2019 டிசம்பரிலும் சேர்ந்துவிட்டன. உள்ளூர் முத்திரையை அடிப்படையாக வைத்து மலேசிய அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓ (MyIPO) வழியாக ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் பாதுகாப்பு கேட்கலாம். இங்கே முதன்முதலாக விண்ணப்பித்து 6 மாதத்துக்குள் வெளிநாட்டிலும் போட்டால், முதல் தேதியையே முன்னுரிமைத் தேதியாகக் கோரலாம்; அதாவது அங்கேயும் அன்றே விண்ணப்பித்ததுபோல் எடுத்துக்கொள்வார்கள்.

ஆசிரியர் அந்த ஒரு வரியை மாற்றிவிட்டால் நல்லது. சாம்பிள் பாக்கெட்டோடு கிளம்பத் தயாராக இருக்கும் சின்ன வியாபாரிகள்தான் இதைப் படிக்கிறார்கள்.